பிரிட்டன் ஸ்பவுஸ் விசாவிலிருந்து ஐஎல்ஆர் வரை: எதை, எந்த வரிசையில் செய்வது

கல்யாணம் முடிந்த கையோடு, ஸ்பவுஸ் விசாவுக்கான, அதாவது பிரிட்டனில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ்வதற்கான விசாவுக்கான, ஆன்லைன் படிவத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படிவம் நிரப்புவது கடைசி வேலை. அதற்கு ஆறு, ஏழு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எங்கள் விண்ணப்பத்தை நாங்களேதான் போட்டோம். அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருடைய ஃபைலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். தகுதி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைவிட, தகுதி இருந்தும் தேதியில் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க தேதிகளைச் சுற்றியே போகும்.

பிரிட்டனில் இருப்பவரை ஸ்பான்சர் என்றும், ஊரிலிருந்து கிளம்புபவரை வரப்போகிறவர் என்றும் சொல்கிறேன்.

1. முதலில், இது உங்களுக்கான விசாதானா?

ஸ்பான்சர் பொதுவாகப் பிரிட்டிஷ் குடியுரிமை வைத்திருக்க வேண்டும், அல்லது ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்றிருக்க வேண்டும். வேலைக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ இது பொருந்தாது. அவர்கள் டிபெண்டன்ட் விசாவில் வர வேண்டும். அதற்கு விதி வேறு, செலவு வேறு. கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் மட்டும் பேசிப் பழகியது கணக்கில் வராது.

“டூரிஸ்ட் விசாவில் கூட்டிக்கொண்டு வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசிட்டர் விசாவிலிருந்து ஸ்பவுஸ் விசாவுக்கு உள்ளிருந்தபடி மாற முடியாது. ஸ்டூடன்ட், கிராஜுவேட் போன்ற நீண்டகால விசாவில் ஏற்கெனவே இங்கே இருப்பவர் மாறலாம்.

2. விண்ணப்பத் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

ஆன்லைனில் பணம் கட்டும் நாள்தான் விண்ணப்பத் தேதி. விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை கொடுக்கும் நாள் அல்ல. ஆவணங்களின் வயதெல்லாம் இந்த ஒரு நாளை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

கடைசி பேங்க் ஸ்டேட்மென்ட், கடைசி பேஸ்லிப், கம்பெனிக் கடிதம் ஆகியவை அந்த நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். டிபி (காசநோய்) இல்லை என்ற சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டு செல்லும். ஆகவே வேலைகளின் வரிசை இதுதான்: முதலில் ஆறு மாத வருமானம் சேர வேண்டும். அந்த இடைவெளியில் திருமணப் பதிவையும் ஆங்கிலத் தேர்வையும் முடித்துவிடலாம். கடைசி இரண்டு மாதத்தில் டிபி. கடைசி மூன்று வாரத்தில் பேங்க் ஸ்டேட்மென்டும் கம்பெனிக் கடிதமும்.

எங்கள் வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்தோம். எல்லாம் தயாராக இருந்தும் ஒரு மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தோம். அது கைக்கு வந்தபோது பேங்க் ஸ்டேட்மென்டுக்கு 31 நாள் ஆகியிருந்தது. மறுபடி ஸ்டேட்மென்ட், மறுபடி கம்பெனிக் கடிதம், ஹெச்ஆரிடம் மறுபடி கெஞ்சல். ஒரு மாதம் போயிற்று.

3. வருமானம்: பாதி மறுப்புகள் பிறக்கும் இடம்

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. அதற்கு முன் 18,600. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து, அதே துணையுடன் இதே வழியில் தொடர்பவர்களுக்கு, பிறகு விசாவை நீட்டிக்கும்போதும் பழைய தொகைதான் பார்க்கப்படும்.

29,000 என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. மாதத்துக்கு 2,416.67 பவுண்டு வருகிறது. கைக்கு வரும் பணத்தை வைத்துக் கணக்குப் போட்டு “எனக்குத் தகுதி இல்லை” என்று ஒரு வருடம் சும்மா இருந்தவரை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது ஸ்பான்சரின் சம்பளம் மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். வரப்போகிறவர் சென்னையில் ஐடி கம்பெனியில் எவ்வளவு வாங்கினாலும் அது கணக்கில் சேராது. அவர் இங்கே வந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, நீட்டிப்பில் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

ஒரே கம்பெனியில் ஆறு மாதம் முடித்தவர்களுக்குப் பாதை எளிது. ஆறு மாத பேஸ்லிப், அதே ஆறு மாதத்துக்கான பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம், இவ்வளவுதான். நிலையான சம்பளம் என்றால் அந்த ஆறு மாதத்தில் சம்பளம் எப்போது மிகக் குறைவாக இருந்ததோ அந்த அளவைத்தான் பார்ப்பார்கள். நான்காவது மாதத்தில் சம்பளம் 29,000 ஆக உயர்ந்தது என்றால், உயர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு ஆறு மாதச் சராசரியை ஆண்டுக்குப் பெருக்கிப் பார்ப்பார்கள்.

வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லையா? அப்போது இரண்டு சோதனை. இப்போதைய ஆண்டுச் சம்பளமும் 29,000 தொட வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையில் சம்பாதித்த மொத்தமும் 29,000 தொட வேண்டும். ஆவணமும் 12 மாதத்துக்கு. கூடுதல் சம்பளத்துக்காக விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு வேலை மாறுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். அவசரம் இல்லையென்றால் விசா கைக்கு வரும் வரை பழைய வேலையிலேயே இருங்கள்.

கம்பெனிக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதி ஹெச்ஆரிடம் கொடுப்பது நல்லது: எப்போதிலிருந்து வேலை, என்ன பதவி, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, அந்தச் சம்பளம் எத்தனை மாதமாக, நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா. “இவர் எங்களிடம் பணிபுரிகிறார், நல்லவர்” என்ற ஒரு வரிக் கடிதம் உதவாது.

பேஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மாதமும் பென்சிலால் டிக் போடுங்கள். ஒரு நண்பரின் ஃபைலில் மார்ச் மாத பேஸ்லிப்பில் 2,013.47, வங்கியில் விழுந்தது 1,963.47. ஐம்பது பவுண்டு எங்கே? ரயில் சீசன் டிக்கெட்டுக்குக் கம்பெனி கொடுத்த முன்பணத்தைத் தனியாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் அதை மறந்தே போயிருந்தார். ஹெச்ஆரிடம் இரண்டு வரி விளக்கம் வாங்கிச் சேர்த்தோம். உங்களுக்குத் தெரிந்த காரணம் அதிகாரிக்குத் தெரியாது. அவர் பார்ப்பது பொருந்தாத இரண்டு எண்களை மட்டும்தான். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்கள் ஆறு மாதம் முன்பே அதை நிறுத்தி, முழுவதும் வங்கி வழியாக வரச் செய்யுங்கள்.

ஸ்பான்சர் மாற்றுத்திறனாளிகளுக்கான பிஐபி அல்லது பராமரிப்பாளருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் பெறுகிறார் என்றால் இந்த 29,000 கணக்கே கிடையாது. அவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்ற வேறு சோதனை. இது தெரியாமலே ஒதுங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு.

4. சம்பளம் போதவில்லை என்றால் சேமிப்பு

கணக்கு இப்படி: சம்பளத்தில் எவ்வளவு குறைகிறதோ அதை 2.5 ஆல் பெருக்கி, அதோடு 16,000 சேர்க்க வேண்டும். சம்பளம் 25,000 என்றால் குறைவு 4,000. அதற்கு 10,000, அதோடு 16,000, ஆக 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். சம்பளமே இல்லை என்றால் 88,500.

இந்தப் பணம் ஆறு மாதம் முழுக்க உங்கள் இருவரில் ஒருவர் கணக்கிலோ கூட்டுக் கணக்கிலோ இருந்திருக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்தது செல்லும், ஆனால் அது வந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். கடன் செல்லாது. ஒரே ஒரு நாள் தொகை கீழே இறங்கினாலும் அந்த ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். இந்திய வங்கியில் ரூபாயாக வைத்திருப்பவர்கள் விளிம்பில் நிற்காதீர்கள். மாற்று விகிதம் கொஞ்சம் ஆடினாலே தொகை குறைந்துவிடும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்கள் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது என்பதையும் கவனியுங்கள்.

5. திருமணச் சான்றிதழும் நம் இனிஷியலும்

கோயிலில் தாலி கட்டியதோ மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டதோ போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஸ்பான்சர் இரண்டு வார லீவில் வந்துவிட்டுத் திரும்புபவர் என்பதால், கல்யாணத்துக்கு அடுத்த வாரமே பதிவுக்கு நாள் வாங்கிவிடுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு பதிவு செய்வது பெரிய தலைவலி.

அடுத்து பெயர். நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் “ரா. கவிதா”, பாஸ்போர்ட்டில் “கவிதா ராமசாமி”, திருமணச் சான்றிதழில் “ஆர். கவிதா”. நமக்கு மூன்றும் ஒன்று, அதிகாரிக்கு மூன்று பேர். பதிவு அலுவலகத்தில் படிவம் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறுபட்டிருந்தால் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு, கவரிங் லெட்டரில் இனிஷியல் என்றால் தந்தை பெயரின் முதல் எழுத்து என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போதும் பாஸ்போர்ட் பெயர்தான்.

தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

6. ஆங்கிலத் தேர்வும் டிபியும்

ஆங்கிலத் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறுவரிசையில் நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே வர ஏ1, நீட்டிப்புக்கு ஏ2, ஐஎல்ஆருக்கு பி1. சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மார்க் எவ்வளவு வந்தாலும் செல்லாது. விசாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தேர்வு, அங்கீகரிக்கப்பட்ட மையம், இரண்டும் வேண்டும். ஏ1 என்பது பேசுவது, கேட்பது மட்டும்.

ஆங்கில வழியில் பட்டம் முடித்தவர்கள் தேர்வே எழுத வேண்டாம். எக்டிஸ் என்ற அமைப்பிடம், பட்டம் பிரிட்டன் பட்டத்துக்கு இணையானது, ஆங்கிலத்தில் படித்தது என்று சான்று வாங்கினால் போதும். மூன்று கட்டத்துக்கும் இதையே காட்டலாம். பட்டம் இல்லாதவர்களுக்கு என் யோசனை: முடியுமென்றால் ஏ1 இல் நிற்காமல் அதைவிட உயர்ந்த நிலைக்கான தேர்வையே எழுதிவிடுங்கள். பிரிட்டிஷ் அரசின் 2025 மே மாத வெள்ளையறிக்கை, ஐஎல்ஆர் போன்ற நிரந்தர வசிப்புரிமைக்கான ஆங்கிலத்தை பி2 ஆக உயர்த்தப்போவதாகச் சொல்கிறது. பயிற்சியை இப்போதே தொடங்குவதில் நஷ்டம் இல்லை.

இந்தியா, இலங்கை இரண்டிலிருந்து வருபவர்களுக்கும் டிபி பரிசோதனை கட்டாயம், அதுவும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். கருவுற்றிருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றுச் சோதனைக்கு நாள் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

7. வீடு

சொந்த வீடு தேவையில்லை. வாடகை வீடும் பெற்றோர் வீடும் செல்லும். வாடகை என்றால் ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும். பெற்றோர் வீடு என்றால் அவர்கள் கடிதமும் வீடு அவர்களுடையது என்பதற்கான பத்திரப் பதிவு நகலும்.

நெரிசல் கணக்குதான் பலருக்குத் தெரியாதது. 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி 1 அறைக்கு 2 பேர், 2 அறைக்கு 3, 3 அறைக்கு 5, 4 அறைக்கு 7.5. ஹாலும் ஓர் அறையாகச் சேரும். ஒரு வயதுக்குக் கீழ் குழந்தை கணக்கில் இல்லை, பத்து வயது வரை அரை ஆள். ஆக, இரண்டு படுக்கையறை, ஒரு ஹால் உள்ள வீட்டில் அப்பா, அம்மா, ஸ்பான்சர், வரப்போகிறவர் என நால்வர் இருக்கலாம். நால்வரோடு ஒரு தம்பியையும் ஒரு நண்பரையும் தங்கவைத்திருந்தால் எண்ணிக்கை ஆறு, வீடு தாங்காது.

8. உறவு உண்மையானது என்று காட்டுவது

கல்யாண ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்து போடுகிறார்கள். வேண்டாம். பத்துப் பதினைந்து படம், ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், யார் யார் என்ற குறிப்பு, அவ்வளவுதான். மேடையில் மாலையோடு நிற்கும் படம் நான்கும், வெவ்வேறு மாதங்களில் சாதாரணமாக எடுத்தது பத்துமாக இருக்கட்டும்.

விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஒருவருக்கொருவர் அனுப்பிய பணம், வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலில் மாதத்துக்கு ஒரு பக்கம். பேச்சின் உள்ளடக்கத்தை அனுப்ப வேண்டியதில்லை. நிச்சயிக்கப்பட்ட திருமணம் என்றால் அதை மறைக்காதீர்கள். எப்படிப் பார்த்தார்கள், எப்போது பேச ஆரம்பித்தீர்கள் என்று இருவரும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டிலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

9. பணம் கட்டி அனுப்புவது

2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி: வெளியிலிருந்து விண்ணப்பம் 1,938 பவுண்டு, அதோடு சுகாதாரக் கட்டணம் 3,105. நீட்டிப்புக்கு 1,321, சுகாதாரக் கட்டணம் 2,587.50. ஐஎல்ஆருக்கு 3,029. மொத்தம் கிட்டத்தட்ட 12,000 பவுண்டு, வக்கீல் இல்லாமலே. கட்டணம் அடிக்கடி உயரும், கட்டும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் முன்பு எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். பத்து வருடம் முன்பு அமெரிக்க விசா மறுத்திருந்தாலும் எழுதுங்கள். மறுப்பு இருந்ததால் பிரச்சினை வராது. மறைத்தால் பத்து வருடத் தடை வரை போகலாம்.

பணம் கட்டிய பிறகு ஆவணங்களை நீங்களே பதிவேற்றலாம். ஃபோனில் எடுத்த சாய்ந்த படங்கள் வேண்டாம். “பேஸ்லிப் ஜனவரி முதல் ஜூன் வரை” என்பதுபோல் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வையுங்கள். வெளியிலிருந்து போட்டால் சுமார் 12 வாரம் ஆகும். அதுவரை டிக்கெட் போடாதீர்கள், வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

10. மறுத்துவிட்டால்

கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். ஆவணம் விட்டுப்போனதுதான் காரணம் என்றால் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பது பெரும்பாலும் வேகமானது. உறவையே நம்பவில்லை, அல்லது விதியைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள் என்றால் மேல்முறையீடு. வெளிநாட்டிலிருந்து 28 நாள், உள்ளே இருந்தால் 14 நாள் கெடு. இந்த இடத்தில் மட்டும் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலுக்குப் பணம் கொடுப்பது தண்டம் இல்லை. சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது.

11. வந்து இறங்கிய முதல் மாதம்

முதல் அனுமதி 33 மாதம். இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும் ஆதாரத்தை இன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும். நீட்டிப்பின்போது இருவரும் ஒரே முகவரியில் வாழ்ந்ததற்கு, குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த ஆறு கடிதங்கள், இரண்டு வருடத்தில் பரவலாக, வேண்டும். கவுன்சில் டாக்ஸ் எனும் உள்ளாட்சி வரி, தண்ணீர், வங்கி, மருத்துவர் பதிவு எல்லாவற்றிலும் வந்தவர் பெயரைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஈமெயிலுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஒரு கடிதமும் இல்லாமல் விழிப்பவர்கள் உண்டு.

ஒரு கண்ணி: ஸ்பான்சர் தனியாக இருந்தபோது வாங்கிய 25 சதவீத கவுன்சில் டாக்ஸ் சலுகை. துணை வந்த பிறகும் அதை நிறுத்தாவிட்டால், “நான் தனியாக இருக்கிறேன்” என்று நீங்களே கவுன்சிலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வந்த வாரமே நிறுத்துங்கள்.

வந்தவருக்கு வேலை செய்ய முழு உரிமை உண்டு, அரசு உதவித்தொகை கிடையாது. வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது என்று நடந்தால், “விசா போய்விடும்” என்று பயந்து பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வன்முறைக்கு ஆளான துணை தனியாகவே ஐஎல்ஆருக்கு விண்ணப்பிக்கலாம், இடைக்கால உதவிக்கும் வழி உண்டு. இதை வரப்போகிறவர் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

12. நீட்டிப்பு: சீக்கிரம் போட்டால் நஷ்டம்

நீட்டிப்பு 30 மாதம். 33 உடன் 30 சேர்ந்தால் 63, ஐஎல்ஆருக்குத் தேவை ஐந்து வருடம், அதாவது 60. ஆக மூன்று மாதம்தான் மிச்சம் இருக்கிறது. கட்டணம் உயரப்போகிறது என்று பயந்து ஒருவர் 26ஆம் மாதமே நீட்டிப்புப் போட்டார். கிடைத்தது. ஆனால் புதிய 30 மாதம் முடிவு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியதால் அறுபதுக்கு எட்டவில்லை. அவருக்கு இன்னொரு நீட்டிப்பு, இன்னொரு நான்காயிரம் பவுண்டு. கடைசி 28 நாட்களுக்குள் போடுங்கள். ஆனால் காலாவதி நாளைத் தாண்டிவிடாதீர்கள். காலாவதிக்கு முன் போட்டுவிட்டால் முடிவு வரும் வரை பழைய உரிமைகள் தொடரும்.

முடிவு வரும் முன் ஊருக்குப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தங்கை கல்யாணம் அந்த இரண்டு மாதத்தில் வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

13. ஐஎல்ஆர்

ஐந்து வருடம் நிறைவதற்கு 28 நாள் முன்பிருந்து போடலாம். ஐந்து வருடத்தை நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணுங்கள். விசா தொடங்கிய தேதியிலிருந்து எண்ணி ஒரு மாதம் முந்திவிட்டு, கட்டிய கட்டணத்தை இழக்க வேண்டாம்.

ஐஎல்ஆருக்கு எழுத வேண்டிய, பிரிட்டனைப் பற்றிய பொது அறிவுத் தேர்வான லைஃப் இன் தி யுகே தேர்வு 50 பவுண்டு, 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை தேறினால் காலாவதி கிடையாது. ஆகவே நான்காம் வருடமே எழுதிவிடலாம். சேமிப்பு காட்டுபவர்களுக்கு இந்தக் கட்டத்தில் 2.5 பெருக்கல் இல்லை, சம்பளத்தில் குறைகிற தொகையோடு 16,000 சேர்ந்தால் போதும்.

12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருக்கக் கூடாது என்று ஸ்கில்டு வொர்க்கருக்கு உள்ள விதி இந்த வழியில் இல்லை. ஆனாலும் பயணத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்து குடியுரிமைக்குப் போகும்போது மூன்று வருடத்தில் 270 நாள், கடைசி வருடத்தில் 90 நாள் என்ற வரம்பு வரும். பிரிட்டிஷ் குடிமகனை மணந்தவர் ஐஎல்ஆர் வந்தவுடனே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டியிருக்கும். அதில் மனம் ஒப்பாதவர்கள் ஐஎல்ஆரோடு நின்றுகொள்ளலாம், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே தங்காத வரை.